இலங்கைத் தமிழ் அகதிகளும் ஓட்டுநர் உரிமமும்

1983-க்குப் பின் படகேறித் தமிழ்நாடு வந்து முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரை மக்கள் அகதிகள் என்பர். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தனிச் சட்டமும் இயற்றவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிய பயண ஆவணமின்றி வந்த வெளிநாட்டவர் 'சட்டவிரோதக் குடியேறி' ஆவார். 2021-இல் அகதிகள் முகாம் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பெயர் மாறியதே தவிர இந்த நிலை மாறவில்லை. அப்படியானால் இவர்கள் லைசென்ஸ் பெறலாமா?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வயது, உடல்தகுதி, சாலை விதி அறிவு, ஓட்டும் திறன் ஆகியவற்றையே பார்க்கிறது. குடியுரிமையை நிபந்தனை ஆக்கவில்லை. சிக்கல் வயது, முகவரிச் சான்றுகளில் உள்ளது. கடவுச்சீட்டும் வாக்காளர் அட்டையும் பெரும்பாலோரிடம் இல்லை. ஆதார், வசிப்பிட அடிப்படையில் தரப்படுவது. குடியுரிமைச் சான்று அல்ல. அதை வைத்திருக்கும் முகாம்வாசிகளுக்கு வழி சற்று எளிது.

முகாம் ஆண்களில் பலர் பெயின்ட் அடிக்கும் வேலை செய்பவர்கள். திருநெல்வேலிப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து ஒருவர் அம்பாசமுத்திரம் வழியாக ஆழ்வார்குறிச்சிக்கு இரவல் பைக்கில் வேலைக்குப் போகிறார் என்று கொள்வோம். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் அவருக்கு 5,000 ரூபாய் அபராதம். வண்டி கொடுத்தவருக்கும் தனியே அபராதம் உண்டு. விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்கலாம், அல்லது இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம். அடிபட்டவர் உள்ளூர்க்காரராக இருந்தாலும் இழப்பீட்டுக்காக நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரும். இந்தப் பக்கம் விவாதங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

உரிமம் கொடுத்தால் அதுவே குடியுரிமைக்கு ஏணியாகிவிடும் என்பது எதிர்வாதம். ஓட்டுநர் உரிமம் எந்த நாட்டவர் என்பதை நிறுவும் ஆவணம் அல்ல என்பதால் இது வலுவற்றது. அமெரிக்காவின் கலிபோர்னியா, ஆவணமற்ற குடியேறிகளுக்கு 2015 முதல் தனிக் குறிப்பு அச்சிட்ட உரிமம் வழங்குகிறது. அதன்பின் அங்கே அடித்துவிட்டு நிற்காமல் ஓடும் விபத்துகள் குறைந்தன என 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டனர். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவோம் என்ற அச்சம் தணிந்ததே காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. குடியுரிமை பற்றி அந்த ஆணை எதுவும் சொல்லவில்லை.