குரலும் விலகலும்: ஒரு சமையலறைத் தொடர் சொல்லும் பொருளியல்

2025 ஜூன் இறுதியில் 'தி பியர்' என்னும் அமெரிக்கத் தொடரின் நான்காவது சீசன் வெளியானது. பெங்களூருவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், திருமுல்லைவாயில் வீட்டின் கூடத்தில் அதைப் பார்க்க அமர்ந்தாள். முந்தைய சீசனை ஓராண்டாக என்னிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். "பிடிக்கவில்லை என்றாயே, பிறகு ஏன் முதல் நாளே பார்க்கிறாய்?" என்று கேட்டேன். "அதனாலதான்ப்பா பார்க்கிறேன். இந்தத் தடவையாவது திருந்தியிருக்காங்களான்னு தெரியணும்ல" என்றாள். கால் மணி நேரம் உடன் அமர்ந்திருந்த என் மனைவி, "அடுப்படியில இவ்வளவு கத்தினா சாம்பார்ல உப்பு சரியா விழுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒரே வீட்டில் இருவர். ஒருவர் குறை சொல்லியும் தொடர்கிறார், மற்றவர் ஒன்றும் சொல்லாமல் விலகுகிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு, இது வகுப்பறையில் பலமுறை விளக்கிய ஒரு கோட்பாட்டை நினைவூட்டியது. அந்தக் கோட்பாடு ரசிகர்களைக் காட்டிலும், அவர்கள் பார்த்து ரசிக்கும் சமையலறையில் உழைப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியது.

கதைச் சுருக்கம்

கிறிஸ்டோபர் ஸ்டோரர் உருவாக்கிய இத்தொடரின் முதல் சீசன் 2022 ஜூனில் வெளியானது. உலகின் தலைசிறந்த உணவகங்களில் பயின்ற கார்மி என்னும் இளம் சமையல் கலைஞர், அண்ணன் தற்கொலை செய்துகொண்ட பிறகு, சிகாகோவில் கடனில் மூழ்கிக் கிடக்கும் குடும்ப சாண்ட்விச் கடையை நடத்த வருகிறார். இரண்டாவது சீசனில் அந்தக் கடை இடித்துப் புதுப்பிக்கப்பட்டு உயர்தர உணவகமாகிறது. 2024 செப்டம்பரில் நடந்த எம்மி விருது விழாவில் இந்த சீசன் 11 விருதுகளை வென்றது; அதுவரை நகைச்சுவைத் தொடர் ஒன்று ஓராண்டில் பெற்றிருந்த அதிகபட்ச எண்ணிக்கை அது. இவ்வளவு கண்ணீரும் கூச்சலும் நிறைந்த ஒரு தொடர் நகைச்சுவைப் பிரிவில் எப்படிப் போட்டியிடலாம் என்ற சர்ச்சையும் கூடவே எழுந்தது.

2024 ஜூனில் வந்த மூன்றாவது சீசன்தான் ரசிகர்களைப் பிளவுபடுத்தியது. கதை நகரவில்லை, பழைய நினைவுகளே திரும்பத் திரும்ப வருகின்றன, நிஜ உலகின் பிரபல சமையல் கலைஞர்கள் வந்து வந்து போகிறார்கள் என்றார்கள் ஒரு சாரார். ஏறத்தாழ வசனமே இல்லாமல் நகரும் அதன் முதல் பகுதியைக் கலையின் உச்சம் எனக் கொண்டாடினார்கள் மற்றொரு சாரார். நான்காவது சீசனில் தொடர் தன் ஈரத்தை மீட்டுக்கொண்டது எனப் பலர் ஆறுதலடைந்தனர். இன்னமும் மந்தமாகவே செல்கிறது எனச் சிலர் அலுத்துக்கொண்டனர்.

குறை சொல்பவர் யார்?

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட சிறு நூலொன்றில், ஒரு நிறுவனத்தின் தரம் குறையும்போது அதைச் சார்ந்தவர்கள் முன் இரு வழிகள் உண்டு என்றார். ஒன்று விலகல்: பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவது. மற்றொன்று குரல்: அங்கேயே நின்று குறையைச் சொல்வது. இவ்விரண்டில் எதைத் தேர்கிறோம் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மூன்றாவதான பற்று. பற்று உள்ளவர் உடனே விலகுவதில்லை; குரல் கொடுத்துப் பார்க்கிறார்.

இதைக் கொண்டு பார்த்தால், புதிய சீசனைக் கடுமையாகச் சாடுபவர்கள் அதன் எதிரிகள் அல்லர் என்பது விளங்கும். எதிரிகள் என் மனைவியைப் போல எழுந்து போய்விடுகிறார்கள். சாடுபவர்கள் பெரும்பாலும் பற்றுடையவர்கள். முதல் சீசனின் ஏழாவது பகுதியில், ஒரு சமையலறையின் கொந்தளிப்பை ஒரே தொடர்ச்சியான காட்சியாகப் படமாக்கிய விதம் அவர்கள் மனத்தில் ஓர் அளவுகோலாக நிலைத்துவிட்டது. அதன்பின் வருவதெல்லாம் அந்த அளவுகோலால் அளக்கப்படுகின்றன. நடுத்தரமான ஒரு சீசன்கூட இழப்பாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. இணையவழித் தளங்களில் நாம் ஒரு தொடருக்கென்று தனியே பணம் கட்டுவதில்லை. மொத்தத் தளத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறோம். ஒரு தொடரைப் பாதியில் நிறுத்தினாலும் சந்தா தொடர்கிறது. அந்த விலகல் தயாரிப்பாளரின் கணினிக்குத் தெரியும். ஆனால் ஏன் விலகினோம் என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு வாய் வேண்டும். ஆகவேதான் புதிய சீசன் வந்ததும் இத்தனை பேச்சு.

நம் ஊர்த் தொலைக்காட்சியிலும் இதைக் கண்டோம். 2019 நவம்பரில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி' நிகழ்ச்சியின் முதல் நான்கு சீசன்களிலும் நடுவராக இருந்த சமையல் கலைஞர் வெங்கடேஷ் பட், 2024-இல் விலகி, சன் தொலைக்காட்சியின் 'டாப் குக்கு டூப் குக்கு' நிகழ்ச்சிக்குச் சென்றார். ஐந்தாவது சீசனில் தாமுவுடன் மாதம்பட்டி ரங்கராஜ் நடுவரானார். 'பழைய கலகலப்பு இல்லை' என்ற குரல் ஒருபுறம் எழுந்தது. ரிமோட்டை அழுத்தி அடுத்த அலைவரிசைக்குப் போகும் விலகலும் மறுபுறம் எளிதாக இருந்தது. பார்வையாளனின் கையில் இரண்டு ஆயுதங்களும் இருந்தன. அவன் அதிர்ஷ்டசாலி.

சமையலறைக்குள்ளே

'தி பியர்' தொடரின் உள்ளேயும் இதே கேள்விதான் ஓடுகிறது. சிட்னி என்னும் இளம் பெண் சமையல் கலைஞர் முதல் சீசனிலேயே பொறுக்கமாட்டாமல் வேலையை உதறிவிட்டு வெளியேறுகிறார், பிறகு திரும்புகிறார். மூன்றாவது சீசன் முழுவதும் அவர் முன்னே கூட்டாளி ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் கிடக்கிறது. வேறோர் உணவகத்தின் அழைப்பும் கைவசம் இருக்கிறது. கார்மியோ நாள்தோறும் உணவுப் பட்டியலை மாற்றுகிறார், சிட்னியைக் கேட்பதில்லை. கதை நகரவில்லை என்று ரசிகர்கள் சலித்துக்கொண்ட இடம் இதுதான். ஆனால், தன் சொல் கேட்கப்படாத ஓர் இடத்தில் இருப்பதா போவதா என்று மாதக்கணக்கில் தத்தளிப்பவரின் வாழ்க்கையும் அப்படித்தான் நகராமல் நிற்கும். நான்காவது சீசனின் முடிவில் விலகத் தீர்மானிப்பவர் கார்மிதான். அதைப் பற்றி வெகுநேரம் உரத்துப் பேசித் தீர்க்கிறார்கள். உரிமையாளரும் பணியாளரும் ஒருவரையொருவர் கேட்கும் அந்த உரையாடல், தொடரின் மிகப் பெரிய கற்பனை என்று எனக்குத் தோன்றியது. இப்படித் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு.

ஓய்வு பெற்ற நாள் முதல், காலை நடை முடிந்ததும் எங்கள் பகுதிச் சிற்றுணவகம் ஒன்றில் இட்லியும் காபியும் சாப்பிடுவது என் வழக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகிறவர்களும், ஆவடிப் பக்கம் வேலைக்குச் செல்கிறவர்களும் நின்றபடியே சாப்பிட்டுப் போகும் இடம். சட்னி நீர்த்திருக்கிறது என்று முதலாளியிடம் நான் மூன்று முறையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் மறுநாளே சட்னி கெட்டியாக வந்தது.

ஒருநாள் மாஸ்டரைக் காணோம். "சொல்லாம கொள்ளாம போயிட்டாரு சார். இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல" என்றார் முதலாளி. சில வாரங்கள் கழித்து அந்த மாஸ்டரைத் திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் பார்த்தேன். பட்டாபிராம் பக்கம் வேறு கடையில் சேர்ந்திருந்தார். ஏன் சொல்லாமல் வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "சொல்லாமயா சார் வந்தேன்? புகை போக ஒரு ஃபேன் மாட்டுங்கன்னு மூணு தடவை சொன்னேன். மதியம் அடுப்புகிட்ட நிக்க முடியல, கண்ணு எரியுது. பார்க்கலாம் பார்க்கலாம்னாரு. அப்புறம், சொல்றதைவிடப் போறது சுலபம்னு தோணிச்சு, வந்துட்டேன்" என்றார்.

அதே கடை, அதே முதலாளி, அதே மூன்று முறை. என் சட்னி கேட்டது. அவர் கண்ணெரிச்சல் கேட்கவில்லை. ஆண்டுக்கணக்காக அங்கே சாப்பிட்ட நான், அந்தச் சமையலறைக் கதவைத் தாண்டி ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏன் கேட்பதில்லை?

முதலாளியைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. உணவகத் தொழிலில் விற்காமல் போன இருக்கையைச் சேமித்து வைத்து நாளை விற்க முடியாது. வாடகை, எரிவாயு, வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும் செயலிகளின் தரகு ஆகியவை அவர் கட்டுப்பாட்டில் இல்லை. இட்லி விலையை இரண்டு ரூபாய் உயர்த்தினால் என்னைப் போன்றவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவோம். 2017 நவம்பர் முதல் சாதாரண உணவகங்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. ஆனால் தாங்கள் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியை அவை கழித்துக்கொள்ள முடியாது. ஒரு மின்விசிறி வாங்கினாலும் அதன் வரி முழுவதும் செலவுதான். எல்லாம் இறுகும்போது, நெகிழக்கூடியதாக அவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: பணியாளரின் உடல்.

இது ஏழைக் கடைகளின் நிலை மட்டுமன்று. உலகின் மிகச் சிறந்த உணவகமாகப் பலமுறை தேர்வான டென்மார்க்கின் 'நோமா', பயிற்சிக்கு வருவோருக்கு ஊதியமின்றியே நெடுங்காலம் இயங்கியது. 2022-இன் இறுதியில்தான் அவர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கியது. 2023 ஜனவரியில், இந்த முறையில் உணவகத்தைத் தொடர்ந்து நடத்த இயலாது என்று அதன் நிறுவனர் ரெனே ரெட்செப்பி அறிவித்தார். அவரே 'தி பியர்' மூன்றாவது சீசனில் சிறிது நேரம் தோன்றுகிறார் என்பது ஒரு முரண்.

விலகலுக்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. மாஸ்டருக்குக் கைத்தொழில் தெரியும். எங்கு போனாலும் வேலை கிடைக்கும். அதே கடையில் தட்டு கழுவும் வடமாநில இளைஞருக்கு அதுவும் இல்லை. முன்பணம் வாங்கியிருப்பார், தங்குமிடம் கடையின் மாடியிலேயே இருக்கும், மொழியும் தெரியாது. அவருக்குக் குரலும் இல்லை, விலகலும் இல்லை. அவர் தங்கியிருப்பதைப் பற்று என்று நாம் தவறாகப் படித்துவிடக் கூடாது.

குரலுக்கு வழி

குரல் வென்ற முன்னுதாரணம் நம்மிடம் இருக்கிறது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்கள் குரல் எழுப்பியதன் விளைவாக, பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டத் திருத்தம் கேரளத்தில் 2018-இல் வந்தது. 2021-இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. உணவகப் பணியாளர்களின் வேலை நேரம், வார விடுப்பு ஆகியவற்றை முறைப்படுத்த 1958-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் இருந்தும் சமையலறையின் குரல் வெளியே வராததற்குக் காரணம், அது கதவுக்குப் பின்னால் இருப்பதுதான். ஜவுளிக் கடைப் பெண் நிற்பதை வாடிக்கையாளர் பார்த்தார். மாஸ்டர் புகையில் நிற்பதை யாரும் பார்ப்பதில்லை.

தொழிலாளர் துறையின் ஆய்வுகள் சிறு உணவகங்களின் அடுப்படி வரை செல்ல வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையினர் எண்ணெயையும் தண்ணீரையும் சோதிக்கும்போதே, அங்கு நிற்பவரின் வெப்பத்தையும் புகையையும் கணக்கில் எடுக்கலாம். புகைபோக்கி, காற்றாடி போன்றவற்றுக்குச் சிறு கடைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தருவது அரசுக்குப் பெருஞ்சுமை ஆகாது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, வாடிக்கையாளராகிய நாம் நம் குரலைக் கொஞ்சம் இரவல் தரலாம்.

நான் அதைத்தான் செய்தேன். அடுத்த முறை சட்னியைப் பற்றிப் பேசாமல், மாஸ்டர் ஏன் போனார் என்பதை முதலாளியிடம் சொன்னேன். "ஒரு ஃபேனுக்காகவா போனாரு?" என்று வியந்தார். புது மாஸ்டர் அகப்படும் வரை பத்து நாள் தானே அடுப்படியில் நின்றதாகவும், பிற்பகலில் தலைசுற்றியதாகவும் சொன்னார். இரண்டு வாரத்தில் சமையலறைச் சுவரில் ஒரு புகைபோக்கி விசிறி சுழன்றது. அது என் சொல்லுக்குக் கிடைத்த பலனா, அவர் தலைசுற்றலுக்குக் கிடைத்த பலனா என்று நான் ஆராயவில்லை. ஆனால் அதைக் கேட்ட மனிதருக்கு அது கிடைக்கவில்லை.

தொடரின் அடுத்த சீசன் வந்தால் என் மகள் மீண்டும் குறை சொல்வாள், சொல்லட்டும். கற்பனைச் சமையலறையில் ஒருவர் படும் பாட்டுக்காக இத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது நல்ல செய்தியே. அந்தப் பேச்சில் ஒரு பங்கு, நாம் நாள்தோறும் சாப்பிடும் கடையின் பின்கட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.