பாதி மண்டையைப் பிளக்கும் வலி! மாத்திரையே வினையாவது எப்படி?

பாடி லூகாஸ் பஸ் ஸ்டாப். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர் வெறும் வயிற்றில் ஒரு டீ குடிக்கிறார். அடுத்து மெடிக்கல் ஷாப். "அண்ணே, தலைவலிக்கு ரெண்டு குடுங்க!" டாக்டர் சீட்டு கிடையாது. கேள்வியும் கிடையாது.

இந்த 'ரெண்டு'தான் வம்பு!

ஒற்றைத் தலைவலி சாதாரண மண்டையிடி அல்ல. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் விண் விண் என்று தெறிக்கும். சிலருக்கு இரண்டு பக்கமும் வரும். குமட்டும். வெளிச்சம் பட்டால் கண் கூசும். பஸ் ஹாரன் கேட்டால் உயிரே போகும். கவனிக்காமல் விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை ஆட்டிப் படைக்கும். டாக்டர்கள் இதை 'மைக்ரேன்' என்கிறார்கள். தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போல் வலித்தால் அது வேறு ரகம். அதில் வாந்தி இருக்காது.

சிலருக்கு வலிக்கு முன்பே கண் முன்னால் நெளி நெளியாக மின்னல் கோடு ஓடும். பார்வையில் ஒரு பகுதி மறையும். பாடி மேம்பாலத்தில் ஸ்கூட்டரில் போகும்போது இப்படி வந்தால்? ஓரம் கட்டி நிற்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு மணி நேரத்துக்குள் சரியாகிவிடும்.

(பாடி கோவிலுக்குத் திருவலிதாயம் என்று பெயர். தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வலியன் குருவி உருவில் பரத்வாஜர் பூஜித்த தலம் என்பது ஐதீகம்!)

பித்தம், கண் திருஷ்டி என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் இது மூளை நரம்பு சம்பந்தப்பட்ட கோளாறு. பரம்பரையாகவும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 3 மடங்கு அதிகம். மாதவிலக்கை ஒட்டி வருவது சகஜம். தூக்கம் கெட்டால், சாப்பாட்டு நேரம் தவறினால், உச்சி வெயிலில் அலைந்தால் கிளம்பிவிடும். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது முதல் இந்தப் பக்கம் ராத்திரி ஷிப்ட் புதிதல்ல. பிறகு தூக்கம் கெடாமல் என்ன செய்யும்?

15 நாள் கணக்கு

மாதத்தில் 15 நாளுக்கு மேல் பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரையை விழுங்கினால், நாளடைவில் அந்த மாத்திரையாலேயே தினசரி தலைவலி வரும். பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். "போட்டாத்தான் நிக்குது" என்று மேலும் போடுவார்கள். வலி மேலும் கூடும்!

வலி தொடங்கியதுமே அளவாக மாத்திரை போட்டு, இருட்டு அறையில் படுத்தால் பலருக்கு அடங்கும். அதற்கும் அடங்காதவர்களுக்கு 'ட்ரிப்டான்' வகை மாத்திரைகள் உண்டு. இருதய நோயாளிகள் அதைத் தொடக்கூடாது. அடிக்கடி வருகிறவர்களுக்கு வராமல் தடுக்க, தினசரி சாப்பிடும் மருந்தைச் சில மாதம் கொடுப்பார்கள். அதில் ஒன்றான புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்கினால் என்ன ஆகும், பாருங்கள்!

இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் முதலில் டிஸ்பென்சரியில் காட்டலாம்; தேவைப்பட்டால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வலி வந்த தேதி, நேரம், போட்ட மாத்திரை எல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆனால் இடி விழுந்தது போல் திடீரென வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் இழுத்து வாய் குழறினாலோ, டீயும் வேண்டாம், தைலமும் வேண்டாம். உடனே 108-க்குப் போன் போடுங்கள்.