மூன்று வருடத்திற்குள் வாய் திறக்க வேண்டுமாம்!

ஆடித் தபசன்று சங்கரன்கோவிலில் கூடுகிற கூட்டத்தில் ஒரு பிள்ளை தாயின் கையை விட்டு விலகிவிட்டால் என்ன நடக்கிறது? ஒலிபெருக்கி அலறுகிறது, போலீஸ்காரர் தேடுகிறார், பலூன் விற்பவர் தேடுகிறார், முன்பின் அறியாதவரெல்லாம் தேடுகிறார்கள். பிள்ளை கிடைத்துவிட்டது என்றதும் அத்தனை பேருக்கும் மூச்சு திரும்புகிறது. அதே ஊரில், தகப்பன் குடித்து மாண்டு, தாய் கந்துவட்டிக்காரனுக்கு அஞ்சி வெளியூர் மில்லுக்குப் போய்விட, நாதியற்று நிற்கும் பிள்ளையை ஏதோ ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டால், பிறகு யார் தேடுகிறார்கள்? "சோறு கிடைக்கிறது, படிப்பு கிடைக்கிறது, நல்ல இடம்" என்று சொல்லிவிட்டு அவரவர் தறிக்குத் திரும்பிவிடுகிறோம். இல்லத்தின் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே நடப்பது உள்ளேயே நின்றுவிடுகிறது.

அப்படி என்னதான் நடந்துவிடும் என்று கேட்கிறீர்களா? பீகாரில் முசாபர்பூர் என்ற ஊர். சர்க்கார் பணத்தில் நடந்த சிறுமியர் காப்பகம். டாட்டா சமூக அறிவியல் நிலையத்தார் 2018-ல் ஆய்வு நடத்தி அறிக்கை கொடுத்த பிறகுதான், அங்கிருந்த சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு இரையாக்கப்பட்டது வெளி உலகுக்குத் தெரிந்தது. 2020 ஜனவரியில் டில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. இல்லத்தை நடத்தியவருக்குச் சாகும்வரை சிறை. அந்த 19 பேரில் ஒருவர் யார் தெரியுமா? குழந்தைகளைக் காப்பதற்கென்று சட்டம் நியமித்த குழந்தைகள் நலக்குழுவின் தலைவராக இருந்தவர்! வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். அங்கே வேலி, காவல்காரன், கணக்குப்பிள்ளை எல்லாருமே சேர்ந்து மேய்ந்தார்கள்.

பீகார்தானே, வடக்கேதானே என்று திண்ணையில் சாய்ந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை, தோழர்களே. 2022 டிசம்பர் 29-ந் தேதி தாம்பரம் பகுதியில் ஒரு 17 வயதுப் பையனைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் ரயில்வே போலீசார் பிடித்தார்கள். செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் அடைத்தார்கள். 31-ந் தேதி பிணம். பேட்டரி திருடினான் என்பதுதான் அவன்மீது சொல்லப்பட்ட குற்றம். தாய் போராடினாள், பிரேதப் பரிசோதனையில் காயங்கள் தெரிந்தன, இல்லத்தின் ஊழியர் 6 பேர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு 2023-ல் அமைந்தது. இந்த இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்ற அறிக்கையும் அதே ஆண்டில் சர்க்காரின் கைக்கு வந்தது.

அந்தப் பையன் செத்ததால் ஊர் அறிந்தது. சாகாமல் வெளியே வந்தவர்கள்? அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும். 2018-ல் மத்திய சர்க்காரே ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. நாடெங்கும் 9,589 குழந்தை இல்லங்கள். அவற்றில் 3 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். முறைப்படி சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருந்தவை நூற்றுக்கு 32! மற்றவை யார் கண்ணிலும் படாமல் நடந்தவை. நல்ல இல்லங்கள் இல்லையா? உண்டு. தாய்க்கும் மேலாகப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆயாக்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நல்லவர் கையில் விழுவதும் கொடியவர் கையில் விழுவதும் ஒரு ஏழைப் பிள்ளையின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றால், அதற்குச் சட்டம் என்ற பெயர் எதற்கு?

இனி நஷ்டஈட்டுக்கு வருவோம். "காசு கொடுத்தால் போனது திரும்பி வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். விசைத்தறியில் சிக்கி ஒரு தோழருக்கு விரல் போய்விட்டது என்று வையுங்கள். சங்கம் போய் நஷ்டஈடு கேட்கிறது. "பணம் கொடுத்தால் விரல் முளைக்குமா?" என்று முதலாளி கேட்டால் நாம் சும்மா இருப்போமா? வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு உண்டு என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923-ல், சட்டம் வந்தது. விரலுக்கு விலை பேசுவதல்ல அது. யாருடைய பொறுப்பில் விரல் போனதோ அவரைக் கணக்குச் சொல்ல வைப்பது. 8 வயதில் விடுதிக் காவலாளி செய்த கொடுமையால் படிப்பை விட்டவன், இரவில் தூக்கம் கெட்டவன், குடியில் விழுந்தவன், கலியாணம் வேண்டாம் என்று ஒதுங்கியவள், இவர்கள் இழந்த கூலிக்கும் வைத்தியத்துக்கும் யார் கணக்குச் சொல்வது?

சட்டம் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சிறப்பு நீதிமன்றம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு நஷ்டஈடு வழங்கச் சொல்லலாம். இதை நம் தோழர்கள் நன்றாக மனத்தில் பதிய வைக்க வேண்டும்: தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே இடைக்கால உதவி கேட்கலாம். குற்றவாளி அகப்படாவிட்டாலும், விடுதலையாகிவிட்டாலும், பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது என்று நீதிமன்றம் கண்டால் பணம் உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாளில் சர்க்கார் கொடுக்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு விதி. உணவு, உடை, போக்குவரத்துக்கு உடனடி உதவி தரும்படி குழந்தைகள் நலக்குழுவும் சொல்லலாம். தமிழ்நாட்டில் இதற்கென்றே தனி நிதி ஒன்றும் 2020-ல் ஏற்பட்டது.

தொகை எவ்வளவு? தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018-ம் ஆண்டுத் திட்டத்தில், பலாத்காரக் கொடுமைக்கு 4 இலட்சம் முதல் 7 இலட்சம் வரை. பாதிக்கப்பட்டது குழந்தையானால் அதற்கும் ஒன்றரை மடங்கு. பெண்களுக்கென்று எழுதப்பட்ட திட்டம்தான். குழந்தைகள் வழக்குகளுக்கும் இதையே வழிகாட்டியாகக் கொள்ளுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் அதே ஆண்டில் சொல்லிவிட்டது. ஆகவே ஆண் பிள்ளைக்கும் உண்டு. கிடைக்கிற தொகையில் நூற்றுக்கு 80 பங்கை, பிள்ளை வயதுக்கு வரும்வரை வங்கியில் வைப்பு வைக்கிறார்கள். தகப்பனோ மாமனோ எடுத்துக் குடித்துவிடக்கூடாதே என்பதற்காக. இது நல்ல ஏற்பாடு.

ஆனால் அதே திட்டத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி உறங்குகிறது. குற்றம் நடந்த நாளிலிருந்தோ, வழக்கு முடிந்த நாளிலிருந்தோ 3 வருடத்திற்குள் மனுப் போட வேண்டும்! தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று ஒரு சலுகை. அதுவும் அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது.

மூன்று வருடம்! 8 வயதில் கெடுக்கப்பட்ட பிள்ளை 11 வயதுக்குள் மனு எழுதிக் கையொப்பமிட்டு நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டுமாம். எங்கே இருந்துகொண்டு? கெடுத்தவனின் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டு, அவன் பூட்டும் அறையில் படுத்துக்கொண்டு! வீட்டில் இருக்கிற பிள்ளைக்காவது தாய் இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், "ஏண்டா முகம் வாடியிருக்கு" என்று கேட்கிற பக்கத்து வீட்டு அத்தை இருக்கிறாள். இல்லத்துப் பிள்ளைக்கு வார்டன்தான் தாய், வார்டன்தான் தகப்பன், வார்டன்தான் போலீஸ். 18 வயதில் அவனை வெளியே அனுப்புகிறார்கள். வேலை தேடி, கூரை தேடி அலைந்து, 30 வயதில் ஒருநாள் நெருங்கிய சிநேகிதனிடம்தான் அதை முதன்முதலாகச் சொல்கிறான். அப்போது சர்க்காரின் கடிகாரம் பார்த்து, "நேரமாகிவிட்டது, தம்பி" என்கிறார்கள்.

குற்றப் புகார் கொடுக்க வயது தடையல்ல, வளர்ந்த பிறகும் கொடுக்கலாம் என்று 2018-ல் மத்திய சர்க்கார் அறிவித்தது. சரி. ஆனால் போக்சோ வருவதற்கு முன்னே, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இல்லங்களில் வளர்ந்தவர்கள்? அவர்களுக்கு அந்தச் சட்டமே கிடையாது. பாலியல் கொடுமையின்றி, பிரம்பாலும் பட்டினியாலும் வதைக்கப்பட்டவர்கள்? 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், ஒழுங்குபடுத்துகிறேன் என்று இல்லத்துப் பிள்ளையை அடிக்கும் ஊழியருக்கு முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் என்கிறது. அடித்தவன் அபராதம் கட்டிவிட்டுப் போகிறான். அடிபட்டவன் கைக்கு என்ன வருகிறது என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அயர்லாந்தில் பாதிரிமார்களும் கன்னிமார்களும் நடத்திய தொழிற்பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் வதைபட்டார்கள். 1999-ல் அந்நாட்டுப் பிரதமர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2002-ல் தனிச்சட்டம் இயற்றி, நஷ்டஈட்டு வாரியம் அமைத்தார்கள். 40 வருடத்துக்கு முன் அடிபட்ட கிழவனும் வந்து கேட்கலாம். 15,000 பேருக்கு மேல் பெற்றார்கள். கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பறித்து அடைத்த விடுதிப் பள்ளிகளுக்காக, 2007 முதல், அங்கே இருந்த முதல் வருடத்துக்கு 10,000 டாலர், பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் 3,000 டாலர் என்று கொடுத்தார்கள். "உன்னை அடித்தார்களா?" என்று கேட்கவில்லை, இருந்தாய் என்பதே போதும் என்றார்கள். கொடுமைக்குத் தனியே வேறு நஷ்டஈடு. ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலையில் 10 ஆண்டுத் திட்டம் தொடங்கிற்று. அதிகபட்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் டாலர், மனத்துயருக்கு ஆலோசனை உதவி, அந்த நிறுவனமே நேரில் வந்து மன்னிப்புக் கேட்பது, இந்த மூன்றும் சேர்ந்தது. சாட்சி எங்கே, சான்று எங்கே என்று குடைவதில்லை. நடந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்றுதான் பார்க்கிறார்கள். 30 வருடத்துக்கு முன் பூட்டிய அறைக்குள் நடந்ததற்குச் சாட்சியை எங்கே போய்க் கொண்டுவருவது?

அதற்காக அவர்கள் செய்ததையெல்லாம் தலையில் வைத்து ஆட வேண்டாம். அயர்லாந்தில் மடங்களோடு சர்க்கார் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பாருங்கள்: மடங்கள் 12 கோடியே 80 இலட்சம் யூரோ கொடுத்துவிட்டால் போதும், மீதி சர்க்கார் தலையில். செலவு 100 கோடி யூரோவைத் தாண்டிற்று. அடித்தவன் காலணா, ஊர்மக்கள் ஒரு ரூபாய்! அதோடு, நஷ்டஈடு பெற்றவர் அதைப்பற்றி வெளியே பேசினால் குற்றம் என்று வாயையும் கட்டினார்கள். 2013-ல் மடங்களின் 11 கோடி யூரோவைக் கொண்டு, தப்பிப் பிழைத்தவர்களின் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் படிப்புக்குமாக இன்னொரு நிதி வைத்தார்கள். 'கரனூவா', புதிய நண்பன் என்று அதற்குப் பெயர். நண்பன்தான், 2016-ல், ஒருவருக்கு 15,000 யூரோவுக்கு மேல் இல்லை என்று கையைச் சுருக்கிக்கொண்ட நண்பன்! நாம் திட்டம் போடும்போது இந்தத் தவறுகள் நமக்குப் பாடமாகட்டும். முதல் ரூபாயை இல்லம் நடத்திய அறக்கட்டளையின் சொத்திலிருந்து எடுக்க வேண்டும். வாயைக் கட்டும் விதி கூடாது.

"பணக்கார நாடுகள் செய்கின்றன, நாம் எங்கே போவது?" என்பார்கள். இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று சட்டம் இயற்றியது எந்த மாகாணம்? சென்னை! 1920-ல். நூறு வருடத்துக்கு மேலாக இந்தச் சர்க்கார் சட்டத்தின் பெயரால் பிள்ளைகளை வாங்கி இல்லங்களில் வைத்திருக்கிறது. வாங்கும்போது இருந்த சுறுசுறுப்பு கணக்குத் தீர்க்கும்போது எங்கே போயிற்று? முசாபர்பூர் சிறுமிகளுக்கு ஏழைப் பீகார் பணம் கொடுத்திருக்கிறது. சுப்ரீம் கோர்ட் விரட்டியதால் கொடுத்தது என்பது வேறு. விரட்டாமலே கொடுக்கிற மாநிலமாகத் தமிழ்நாடு இருக்கக்கூடாதா?

குழந்தைப் பருவத்தில் இல்லத்திலோ விடுதியிலோ வதைபட்ட எவருக்கும் அந்த 3 வருட விதி பொருந்தாது என்று நம் சர்க்கார் ஒரு உத்தரவு போட வேண்டும். வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடித்தவன் செத்துப்போயிருந்தாலும், இல்லமே இடிந்துபோயிருந்தாலும், வளர்ந்தவர்கள் வந்து கேட்க ஒரு நிதி வேண்டும். அதன் வாசல் சென்னையில் மட்டும் இருந்தால் நமக்கு உதவாது. ஒருநாள் தறியை நிறுத்தினால் ஒருநாள் கூலி போகிறவன், சென்னைக்கு எத்தனை தடவை போவான்? சங்கரன்கோவில் நீதிமன்றத்திலேயே வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. மனுவை அங்கேயே வாங்கட்டும்.

அந்தக் குழுவில் வக்கீல் உதவி இலவசம் என்பதைப் பல தோழர்கள் அறியமாட்டார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் மட்டுமல்ல, ஆலைத் தொழிலாளிக்கும் 1987-ம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் பார்க்காமல் இலவசம். இன்று இல்லத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098-க்கு உடனே சொல்லுங்கள். கிளைக்கழகக் கூட்டத்திலும் சங்கக் கூட்டத்திலும் இதைப் படித்துக் காட்டுங்கள். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, யாரேனும் ஒருவர் போகாமல் நின்றுகொண்டிருக்கலாம். அவசரப்படுத்தாதீர்கள், டீ வாங்கிக் கொடுத்து உட்காருங்கள். அவர் விரும்பிச் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த இல்லம், எந்த வருடம், அப்போது யார் பொறுப்பில் இருந்தார்கள், இன்றைக்கு அவருக்கு என்ன வைத்தியம் வேண்டும் என்பதை. அவருடைய பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கட்டும். இல்லத்தின் பெயரும் வருடமும் தாளில் தெளிவாக வரட்டும். சட்டமன்றத்தில் சமூகநல மானியக் கோரிக்கை வருவதற்குமுன் அந்தத் தாள்கள் நம் தொகுதி உறுப்பினரின் மேஜைமீது இருக்க வேண்டும்.