செவ்வியல் கல்வியின் மீட்சியும் சமய மொழிபெயர்ப்பும்: ஐரோப்பாவும் தமிழும்

1. முன்னுரை

தில்லி கரோல் பாக் பகுதியில் வாழும் தமிழ்க் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் இரண்டு விவிலியங்கள் பயிலப்படுகின்றன. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த பாட்டி, 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழிவந்த பதிப்பைப் படிக்கிறார். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த கத்தோலிக்க மருமகள், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பைப் படிக்கிறார். முன்னவர் செய்வது 'ஜெபம்'. பின்னவர் செய்வது 'இறைவேண்டல்'. முன்னவர் நாடுவது 'இரட்சிப்பு'. பின்னவர் நாடுவது 'மீட்பு'. பள்ளியில் தமிழைப் பாடமாகப் பயிலும் பேரன், "பாட்டி சொல்வதும் அம்மா சொல்வதும் ஒன்றுதானா?" என்று இக்கட்டுரையாளரிடம் ஒருமுறை வினவினான்.

சிறுவனின் வினாவாயினும் இது மொழிபெயர்ப்பியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். இவ்விரு சொற்றொகுதிகளுக்கும் இடையே தமிழ்ச் செவ்வியல் நூல்களின் மீட்சி என்னும் பெரிய வரலாற்று நிகழ்வு நிற்கிறது. பழைய நூல்கள் மீண்டும் பயிலப்பட்டதால் பண்பாடும் சமய மொழியும் மாறியமைக்கு ஐரோப்பிய மறுமலர்ச்சியே பலரும் காட்டும் சான்றாகும். அதனோடு தமிழ் நிகழ்வை ஒப்பிட்டு, இரண்டிற்கும் உள்ள ஒற்றுமையைவிட வேற்றுமையே மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படும் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஐரோப்பா: மூலமொழியின் மீட்சி

1345இல் பெட்ரார்க் வெரோனா நகரில் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். 1397இல் கிறிசோலோராஸ் பிளாரன்சு நகரில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கினார். மேற்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் அரிதாகவே கற்கப்பட்டுவந்த கிரேக்க மொழி இவ்வாறு கல்வியுலகில் மீண்டும் இடம்பெற்றது. இக்கல்வி அறிஞர்க்குப் புதிய நூல்களை மட்டுமன்றிப் புதிய ஆய்வு முறையையும் அளித்தது. ஒரு சொல் எக்காலத்தது, எவ்விடத்தது எனக் கேட்பதே அம்முறை. 1440இல் லொரென்சோ வல்லா, திருத்தந்தையர்க்குப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வழங்கியதாகக் கருதப்பட்ட கொடைப் பத்திரம் போலியானது என மெய்ப்பித்தார். நான்காம் நூற்றாண்டு உரோமானிய ஆவணத்தில் இடம்பெற முடியாத சொற்கள் அதில் வருகின்றன என்பது அவர் காட்டிய சான்றுகளுள் முதன்மையானது. சொல்லின் வரலாறு ஆட்சியுரிமையையே கேள்விக்கு உள்ளாக்கிய நிகழ்வு இது.

இம்முறையைப் புதிய ஏற்பாட்டிற்குப் பொருத்தியவர் எராஸ்மஸ். 1516இல் அவர் கிரேக்க மூலத்தைத் தம் இலத்தீன் பெயர்ப்புடன் அச்சிட்டார். திருச்சபையில் வழங்கிய பழைய இலத்தீன் பெயர்ப்பில், 'மெட்டனோயா' என்னும் கிரேக்கச் சொல் வருமிடத்தில் 'கழுவாய் செய்யுங்கள்' எனப் பொருள்படும் தொடர் இருந்தது. எராஸ்மஸ் அதனை மாற்றினார். 1519ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மீண்டும் தெளிவடையுங்கள்' எனப் பொருள்படும் சொல்லைப் பெய்தார். புறச்செயலைக் குறித்த கட்டளை இதனால் அகமாற்றத்தைக் குறிப்பதாயிற்று. 1517இல் லூதர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளுள் முதலாவது இக்கட்டளையின் பொருளைப் பற்றியதே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1522இல் வெளிவந்த அவருடைய செருமானியப் பெயர்ப்பிற்கு எராஸ்மசின் 1519ஆம் ஆண்டுப் பதிப்பு அடிப்படையாக அமைந்தது. மறுபுறம், 1546இல் திரெந்து பொதுச்சங்கம் பழைய இலத்தீன் பெயர்ப்பையே அதிகாரம் உடையதாக அறிவித்தது. ஆக, ஐரோப்பாவில் மீட்கப்பட்டது மூலநூலின் மொழி. அங்கு எழுந்த பூசல் பொருள் பற்றியது.

3. தமிழ்: பெறுமொழியின் மீட்சி

தமிழில் நிகழ்ந்தது வேறு. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் முதலாகத் தமிழ்க் கிறித்தவ உரைநடை உருவாகிவந்தது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் நிறைவுற்றது. இவரும் இவருக்குப் பின் வந்த பப்ரிசியசும் தம் காலத்தில் வழங்கிய, வடசொற் கலப்பு மிகுந்த சமய வழக்கிலிருந்தே சொற்களை எடுத்துக்கொண்டனர். சங்க நூல்கள் அப்போது ஏடுகளில் உறங்கின.

மீட்சியின் தொடக்கமே விவிலியப் பெயர்ப்போடு பின்னிக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலியப் பெயர்ப்பில் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அப்பெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. பின்னர் நாவலர் அச்சு, உரைநடை, பிரசங்கம் ஆகிய அதே கருவிகளைச் சைவத்திற்கும் தமிழ் நூற்பதிப்பிற்கும் பயன்படுத்தினார். மிசனரிகளின் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவற்றையும் வெளியிட்டார். சிந்தாமணியின் பொருள் தெளியச் சைவரான ஐயர் கும்பகோணத்துச் சமணரை நாடிக் கற்றார். பிற சமயத்தவரான பழம்புலவரைக் கிறித்தவ அறிஞர் கற்ற ஐரோப்பிய மறுமலர்ச்சியின் மனப்பாங்கினை இங்கும் காண்கிறோம்.

எனினும் அடிப்படை வேற்றுமை ஒன்றுண்டு. புறநானூற்றைக் கற்றதனால் விவிலியத்தின் கிரேக்க மூலம் பற்றிய அறிவு எவர்க்கும் கூடவில்லை; தமிழில் எச்சொல் நமது என்னும் உணர்வே கூடியது. இங்கு மீட்கப்பட்டது பெயர்ப்பின் பெறுமொழி. எனவே பூசலும் பொருள் பற்றியதாக அமையாமல் நடை பற்றியும் உரிமை பற்றியும் அமைந்தது. 1856இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கணமும், 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் இவ்வுணர்வை வலுப்படுத்தின. கால்டுவெல் 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பின் குழுவிலும் இருந்தவர். ஆயினும் அப்பெயர்ப்பு 'தேவன்', 'பரிசுத்த ஆவி', 'சுவிசேஷம்' என்றே வழங்கியது. சங்கப் பதிப்புகள் வெளிவருமுன் முடிந்த பெயர்ப்பு அது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

கத்தோலிக்கரிடையே மாற்றம் விரைந்ததற்கு, 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தமை காரணமாயிற்று. அக்காலத்திலேயே, 1964இல், தனிநாயக அடிகள் என்னும் கத்தோலிக்கக் குருவின் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் புதுதில்லியில் தோன்றியது. தாய்மொழி வழிபாடும் செவ்வியல் கல்வியும் ஒன்றையொன்று சந்தித்த காலம் அது.

4. சொல் மாற்றத்தின் இயல்பு

1995ஆம் ஆண்டுப் பெயர்ப்பின் சொற்களை வடசொல் நீக்கம் என ஒரே பெயரால் சுட்டுவது பொருந்தாது. அவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, பொருள் மாறாத பதிலீடு. 'சுவிசேஷம்' 'நற்செய்தி' ஆயிற்று. 'பரிசுத்த ஆவி' 'தூய ஆவி' ஆயிற்று. இங்குச் சொல் எளிதாயிற்று. பொருள் பெரிதும் மாறவில்லை.

இரண்டாவது, பொருட்சாயல் மாறிய பதிலீடு. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் 'லோகோஸ்' 1871இல் 'வார்த்தை' என்றும் 1995இல் 'வாக்கு' என்றும் பெயர்க்கப்பட்டது. இரண்டுமே வடமொழி அடியாகப் பிறந்தவை. ஆகவே இம்மாற்றத்திற்குத் தனித்தமிழ் காரணமாகாது. 'அருள்வாக்கு', 'வாக்குத் தவறாமை' போன்ற வழக்குகளில் 'வாக்கு' என்பதற்கு நிறைவேறும் ஆற்றல் உண்டு. 'வார்த்தை' என்பதற்கு அவ்வாற்றல் குறைவு. இதே கிரேக்கச் சொல்லுக்கு வழங்கிய இலத்தீன் சொல்லை எராஸ்மஸ் 1519இல் மாற்றியபோது, தனிச்சொல்லைவிட உரையாடலைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தார். கடும் எதிர்ப்புக்கும் ஆளானார்.

மூன்றாவது, செவ்வியற் சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றல். 'ஒப்புரவு' திருக்குறளின் 22ஆம் அதிகாரத்தில் உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுதலைக் குறிக்கும். கிறித்தவ வழக்கில் அது கடவுளோடும் மனிதரோடும் மீண்டும் இணங்குதலைக் குறிக்கிறது. 1871ஆம் ஆண்டுப் பெயர்ப்பிலேயே இச்சொல் இப்பொருளில் இடம்பெற்றது. 'மறை' என்பது சங்க நூல்களில் அந்தணர் வேதத்தைக் குறித்தது. இன்று 'மறைமாவட்டம்', 'மறையுரை' எனத் திருச்சபைச் சொல்லாகிவிட்டது. 'இறைவன்' என்பது பழைய வழக்கில் அரசனையும் தலைவனையும் குறித்தது. பழஞ்சொல் என்பதனால் ஒரு சொல் சார்பற்றதாகிவிடாது. அதற்கும் முந்திய குடியிருப்புண்டு.

5. மீட்சியும் போலச் செய்தலும்

செவ்வியல் மீட்சியின் இடரை உணர்ந்தவருள் ஒருவர் எராஸ்மஸ். சிசரோ ஆளாத எச்சொல்லையும் தாம் ஆளோம் என்ற இலத்தீன் அறிஞர் சிலரை 1528இல் எழுதிய உரையாடல் நூலில் அவர் எள்ளி நகையாடினார். அவ்விதியைப் பின்பற்றினால் கிறித்தவரின் கடவுளை யூப்பிட்டர் எனக் குறிக்க நேரிடும் என்றார். சிசரோ இன்று வாழ்ந்தால் இன்றைய பொருளுக்கேற்பப் பேசியிருப்பார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கும் இது பொருந்தும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகப் பிறப்பிலும் இறப்பிலும் உச்சரிக்கப்பட்டுவந்த 'ஜெபம்' என்னும் சொல் வெறும் வடசொல்லன்று. ஒரு சமூகத்தின் நினைவு. 1995ஆம் ஆண்டுப் பெயர்ப்பு கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி உருவாக்கியதே எனினும், சீர்திருத்தச் சபையாரிற் பெரும்பாலோர் பழைய பெயர்ப்பையே இன்றும் பயில்கின்றனர். இதனை அறியாமை எனத் தள்ளிவிடுதல் மொழியியலார்க்கு முறையன்று.

6. முடிவுரை

சிறுவனின் வினாவிற்குத் திரும்புவோம். 'மெட்டனோயா' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பாட்டியின் விவிலியம் 'மனந்திரும்புங்கள்' என்கிறது. தாயின் விவிலியம் 'மனம் மாறுங்கள்' என்கிறது. இரண்டும் செயலினின்று மனத்திற்குப் பொருளை நகர்த்தியவை. இவ்வகையில் இரண்டும் ஐரோப்பிய மூலமொழி மீட்சியின் பயன்கள். ஆயின் 'திரும்புதல்' விட்டுவந்த இடத்தை நினைவூட்டுகிறது, 'மாறுதல்' நினைவூட்டவில்லை. ஆகவே பாட்டி சொல்வதும் அம்மா சொல்வதும் ஒரே மூலத்தைச் சுட்டுவன, ஒரே சொல்லல்ல.

மூலமொழிக் கல்வி, பெயர்ப்பு சரியா என்று கேட்கக் கற்றுத்தருகிறது. பெறுமொழிக் கல்வி, பெயர்ப்பு நமதா என்று கேட்கக் கற்றுத்தருகிறது. முதல் வினாவிற்குரிய விடையை இரண்டாம் வினாவிற்கு உரியதாகக் கொள்வதே நம் மொழிபெயர்ப்பு விவாதங்களில் நேரும் பெரும்பிழை. சொல்லொன்றை மாற்ற முனைவோர், தாம் எவ்வினாவிற்கு விடை தருகிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.