கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை நெஞ்சுவலிக்கு ஏன்?

சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள வேப்பூர் போன்ற ஊர்களில் நெஞ்சுவலியால் துடிப்பவர் பெரிய மருத்துவமனையை அடைவதற்குள் பொன்னான நேரம் கழிந்துவிடும் என்பதால், தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. அவற்றுள் ஆறு இரத்தம் உறைவதைத் தடுப்பவை. மீதி எட்டும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்தான அட்டோர்வாஸ்டேட்டின், மொத்தம் 80 மில்லிகிராம்.

கல்லீரல் செல் கொலஸ்ட்ரால் தயாரிக்கப் பயன்படுத்தும் நொதியை ஸ்டேட்டின் முடக்குவதால், பற்றாக்குறைக்கு உள்ளான செல், ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். துகள்களைப் பற்றியிழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் பெருக்கி, இரத்தத்திலிருந்து அவற்றை உறிஞ்சுகிறது. இதன் முழுப்பலன் தெரியச் சில வாரங்களாகும். எனினும், தமனிச் சுவரின் அழற்சியைத் தணித்து, வெடித்த கொழுப்புப் படிவை நிலைப்படுத்தும் என்னும் எதிர்பார்ப்பிலேயே அவசர வேளையில் இது தரப்படுகிறது.

ஜப்பானியர் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளே இவ்வகை மருந்துகளின் முன்னோடி. கல்லீரல் செல்லின் எல்.டி.எல். ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதத்தின் மீது இன்றைய ஆய்வு திரும்பியுள்ளது. அப்புரதத்தைப் மரபணுக் கட்டளை நிலையிலேயே தடுக்கும் இன்கிளிசிரான், தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆண்டுக்கு இருமுறை ஊசியாகப் போட்டால் போதும். தினசரி மாத்திரையை மறப்போருக்கு இது பெரும் வசதிதான், ஆனால் விலை இன்னும் எளியோருக்கு எட்டாதது.