நேரலை பிளாக்ஜாக்: கற்றுக்கொண்டால் காசு வருமா?

காணும் பொங்கலன்று ஏரிக்கரை மரத்தடியில் துண்டை விரித்து மங்காத்தா ஆடுவார்கள். ஜீப் சத்தம் கேட்டால் ஆளுக்கொரு பக்கமாக வரப்பில் இறங்கி ஓடுவார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர் வட்டாரப் பெரியவர்களுக்குச் சூதாட்டம் என்றால் நினைவுக்கு வருவது இதுதான். அதனால்தான் வீட்டுக்குள் நடப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் திரும்பும் பையனின் போனில், பச்சை மேசைக்குப் பின்னால் நின்றபடி ஒரு பெண் சீட்டுப் போடுகிறாள். அவள் எந்த நாட்டில் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. பணம் மட்டும் அவன் சம்பளக் கணக்கிலிருந்து போகிறது.

இந்த ஆட்டத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லையே எடுப்பதில்லை. "இது கணக்கு தம்பி, கற்றுக்கிட்டா ஜெயிக்கலாம்" என்கிறார்கள். டெலிகிராமில் இலவச வகுப்பு, மனப்பாடம் செய்ய ஒரு அட்டவணை, பழகிப் பார்க்கப் போலிக் காசு எல்லாம் கொடுக்கிறார்கள். டிப்ளமோ, பொறியியல் படித்த பிள்ளைகள் இதில் விழுவதற்குக் காரணம் அவர்களுடைய அறியாமை அல்ல, தங்கள் அறிவின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. ஆகவே அந்தக் கணக்கையே முதலில் பார்த்துவிடுவோம்.

ஆட்டம் எளிது. சீட்டுகளின் மதிப்பைக் கூட்டி 21-ஐத் தாண்டாமல், டீலரைவிட அதிகம் வைத்திருக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் 10. ஏஸ் 1 ஆகவோ 11 ஆகவோ எண்ணப்படும். உங்களுக்கு இரண்டு சீட்டு. டீலரின் சீட்டில் ஒன்று மட்டும் தெரியும். இன்னொரு சீட்டு கேட்கலாம், நிறுத்திக்கொள்ளலாம், பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம், ஜோடி வந்தால் பிரித்து ஆடலாம். டீலருக்குச் சொந்த முடிவு கிடையாது: 16 வரை எடுத்தாக வேண்டும், 17 வந்ததும் நிறுத்தியாக வேண்டும்.

இவ்வளவு நியாயமாகத் தெரியும் ஆட்டத்தில் மேசைக்காரன் எப்படிச் சம்பாதிக்கிறான்? நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் 21-ஐத் தாண்டினால் உங்கள் காசு அந்த நிமிடமே போய்விடும். அதன்பின் டீலரும் தாண்டியிருந்தால்கூட அது திரும்பி வராது.

1956இல் நான்கு அமெரிக்கர்கள் எந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். 1962இல் எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் சீட்டுகளை எண்ணி ஆடும் முறையைப் புத்தகமாகவே எழுதினார். அட்டவணையைப் பிசகாமல் பின்பற்றினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் இழப்பு 100 ரூபாய்க்கு ஏறத்தாழ 50 காசாகக் குறைகிறது என்பது உண்மை. மனம்போல ஆடுபவருக்கு அது 2 ரூபாய் அளவுக்கு ஏறும். ஆகக் கற்றவருக்குக் கிடைப்பது குறைந்த நட்டம்தான். லாபம் என்று ஒன்று அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. கையில் 16, டீலரிடம் 10 என்றால், அட்டவணை சொல்கிறபடி ஆடினாலும் ஏறத்தாழ நான்கில் மூன்று முறை தோற்கத்தான் செய்வீர்கள். தோர்ப்பின் எண்ணும் முறையும் இங்கே உதவாது. நேரலை மேசைகளில் பொதுவாக எட்டுக் கட்டுகளைக் கலந்து வைத்து, பாதிச் சீட்டுகள் தீர்வதற்குள் மறுபடி கலக்கிவிடுகிறார்கள்.

சின்ன எழுத்தில் வரும் விதிகள் இன்னும் கொடியவை. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 100 ரூபாய்க்கு 150 தருவது பழைய முறை. பல மேசைகள் 120-தான் தருகின்றன. அந்த ஒரு மாற்றமே இழப்பை 100-க்கு ஒன்றரை ரூபாய்க்கு அருகில் கூட்டிவிடுகிறது. டீலரிடம் ஏஸ் தெரியும்போது 'இன்ஷூரன்ஸ் வேண்டுமா' என்று கேட்பார்கள். பெயரைப் பார்த்து அதைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மறைந்திருக்கும் சீட்டு 10 மதிப்புடையதாக இருக்க 13-க்கு 4 வாய்ப்பு. 100 ரூபாய் வீதம் 13 முறை கட்டினால் சராசரியாக 4 முறை 200 வரும், 9 முறை 100 போகும். நிகரம் 100 ரூபாய் நட்டம். ஓரத்தில் மின்னும் சைட் பெட்களில் நட்டம் பொதுவாக அடிப்படை ஆட்டத்தைவிடப் பல மடங்கு.

மணிக்கு 60 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணைப்படி ஆடினால் சராசரி இழப்பு மணிக்கு 30 ரூபாய்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 900 ரூபாய் கூடுவதும் 900 ரூபாய் குறைவதும் மிகச் சாதாரணம். அந்த 30 ரூபாயை யாரும் உணர்வதில்லை. 900 வந்த இரவை யாரும் மறப்பதில்லை. தன் படிப்பு பலித்துவிட்டது என்று பையன் நினைப்பது அந்த இரவில்தான். மறுநாள் 900 போனால், 'தோற்றால் இரட்டிப்பாக வை' என்ற அடுத்த பாடம் காத்திருக்கும். 100-இல் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700. எட்டாவது முறைக்கு 12,800 வேண்டும். இவ்வளவையும் பணயம் வைப்பது எதற்கு? முதலில் நினைத்த அந்த 100 ரூபாய்க்கு.

இதுவரை பார்த்தது நேர்மையாக நடக்கும் மேசையின் கணக்கு. புள்ளலூர்ப் பையனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அது அல்ல. வாட்ஸப்பில் வரும் ஏஜென்ட் ஒருவன் 'ஐடி' தருகிறான். பணம் கட்டச் சொல்லும் யூபிஐ முகவரி எந்த நிறுவனத்தின் பெயரிலும் இருக்காது. யாரோ ஒரு தனிமனிதர் பெயரில் இருக்கும், சில நாட்களில் மாறியும்விடும். செயலியைப் பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. ஏபிகே கோப்பாக அனுப்புவார்கள். குராசாவோ தீவின் உரிமம் இருக்கிறது என்பார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், காஞ்சிபுரத்தில் காசு இழந்தவர் அதை வைத்து எந்தக் கதவைத் தட்ட முடியும்? மகாதேவ் செயலி வழக்கு நினைவிருக்கும். பல மாநிலங்களில் ஏஜென்ட் வலை விரித்து நடந்த அந்தச் சூதாட்டத் தொழிலை அமலாக்கத் துறை விசாரித்தது. 2023 நவம்பரில் மகாதேவ் உட்பட 22 செயலிகளையும் தளங்களையும் மத்திய அரசு முடக்கியது. பெயரை மாற்றிக்கொண்டு இத்தகைய தளங்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

முதலில் ஆயிரம், இரண்டாயிரம் எடுக்க விடுவார்கள். தொகை பெரிதானதும், "30 சதவீத வரியை முன்னாடியே கட்டினாத்தான் பணம் வரும்" என்பார்கள். இணைய ஆட்ட வருமானத்துக்கு 30 சதவீத வரி உண்டு என்பது மெய். ஆனால் அதை ஜெயித்த தொகையில் பிடித்துக்கொள்வதுதான் முறை. வரி என்று சொல்லித் தனிமனிதர் கணக்குக்குப் பணம் கேட்டால் அது மோசடி, சந்தேகப்படவே தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆடுபவருக்கும் தண்டனை உண்டு: 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று விலக்கியது. அந்த விலக்கில் பிளாக்ஜாக் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது. அது குறிவைப்பது நடத்துபவர்களையும் விளம்பரக்காரர்களையும் பணப் பரிமாற்றம் செய்து தருபவர்களையும்தான், ஆடுபவர்களை அல்ல. இன்னொன்றும் உண்டு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. 'ஜெயித்த பணத்தைத் தரவில்லை' என்று நீங்கள் வழக்குப் போட முடியாது.

ஆடியவருக்கும் தண்டனை உண்டு என்பதைத்தான் ஏஜென்ட் ஆயுதமாக எடுக்கிறான். "போலீஸுக்குப் போனா நீதான் முதல்ல உள்ள போவே" என்கிறான். பலர் வாயை மூடிக்கொள்வது இந்த மிரட்டலால். எனக்கு ஆத்திரம் வருவதும் இங்கேதான், ஏனென்றால் பணம் கிடைக்க வாய்ப்புள்ள நேரம் அந்தப் பயத்திலேயே கழிந்துவிடுகிறது. மோசடி என்று தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள், அல்லது சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதோ அங்கே அதை நிறுத்திவைப்பதே இந்த ஏற்பாட்டின் வேலை. பணப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண், நேரம், பணம் போன யூபிஐ முகவரி, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கட்டும். வெட்கத்தில் வாட்ஸப்பை அழித்துவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் முக்கியச் சாட்சி அதுதான்.

நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். நீங்களே அனுப்பிய பணத்தை 'யாரோ திருடிவிட்டார்கள்' என்று எழுதினால் வழக்கு உடையும், பொய்ப் புகார் என்ற தொல்லையும் சேரும். தண்டனைப் பயம் இருந்தால் காஞ்சிபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு அது இலவசம். உதவி எண் 15100.

ஏபிகே வழியாக உங்களுக்குத் தெரியாமலே பணம் போயிருந்தால் நிலைமை வேறு. வங்கிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புகார் தந்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், விவரத்துக்கு 14448. 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்டு வருபவனும் அதே கூட்டத்து ஆள்தான்.

ஜெயித்தவருக்கும் ஆபத்து உண்டு. உங்களுக்கு வரும் பணம் வேறொரு மாநிலத்தில் ஏமாந்த ஒருவருடையதாக இருக்கலாம். அவர் புகார் செய்தால் உங்கள் கணக்கு முடங்கும், சம்பளமும் அதிலேயே சிக்கும். எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க விட வேண்டும் என்று 2024இல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. விசாரணை அதிகாரியிடமும், தேவைப்பட்டால் குற்றவியல் நடுவர் மன்றத்திலும் மனு கொடுக்கலாம். "மாசம் அஞ்சாயிரம் தர்றோம், உன் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் குடு" என்பவனிடம் கணக்கை வாடகைக்கு விடுவது இதைவிட மோசம். வழக்கில் குற்றவாளியாக நிற்கப்போவது கணக்குக்குச் சொந்தக்காரர்தான். மகளிர் குழுவில் புதிதாகக் கணக்குத் தொடங்கிய அக்காமார்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பணம் போன வீட்டில் அடுத்து வருவது கடன் செயலி. பதிவு பெற்ற நிறுவனத்தின் கடன் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்றும், செயலி உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுக்கக் கூடாது என்றும் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. படத்தை மார்பிங் செய்து உறவினருக்கு அனுப்புவேன் என்று மிரட்டினால் அதுவும் 1930-க்குச் சொல்ல வேண்டிய குற்றம். உள்ளூர் மீட்டர் வட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

சூதாட்டத்தை விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பதை நோய் என்றே உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மருத்துவம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தள்ளாமல் அந்த எண்ணை அழையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். பெற்றவர்கள் கடனை ஒரே நாளில் அடைக்கத் தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம். அடைத்த அன்றிரவே புதிய ஐடி வாங்கிய கதைகள் உண்டு. பையனோடு உட்கார்ந்து யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். யூபிஐ வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள்; சம்பளம் வரும் கணக்கின் கார்டைச் சில மாதங்கள் வீட்டில் ஒருவர் வைத்திருக்கட்டும். அடிக்க வேண்டாம், அடித்தால் அடுத்த கடனை உங்களிடம் சொல்ல மாட்டான்.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதைப் பேச ஒரு பொருளாகவே வைக்கலாம். மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொல்லித் தீர்மானம் போடலாம். அவர் வரும் நாள் மட்டும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். மற்ற நாட்களில் கேட்க வேண்டிய பிள்ளைகள் ஷிப்டுக்குப் போயிருப்பார்கள்.