பிறர் படகை ஓட்டிச் செல்லும் கேப்டன்!

இங்கிலாந்தில் ஒருவர் பாய்மரப் படகு வாங்குகிறார். படகு நிற்பதோ ஸ்பெயின் நாட்டுத் துறைமுகத்தில். அதை ஓட்டி வர அவருக்கு நேரம் இல்லை, துணிச்சலும் இல்லை. என்ன செய்வார்? கூலிக்கு ஒரு கேப்டனை அமர்த்துவார்.

சில படகுகள் ஒரு வீட்டின் விலை பெறும். கூடவே மூன்று நான்கு உயிர்கள். யாரை நம்பி ஒப்படைப்பது? இந்தக் கேள்வியை விடாமல் கேட்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிதான். "கேப்டனிடம் என்ன சர்டிபிகேட் இருக்கிறது? எத்தனை மைல் ஓட்டியிருக்கிறார்?" என்று கேட்கும்.

2,500 மைல்

பிரிட்டனில் பெயர் பெற்ற சர்டிபிகேட் "யாட்மாஸ்டர் ஆப்ஷோர்". ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்தும் பரீட்சை இது. புத்தகத்தை மட்டும் படித்து இதை வாங்க முடியாது. 50 நாள் கடலில் இருந்திருக்க வேண்டும். 2,500 கடல் மைல் போயிருக்க வேண்டும். (ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.) 60 மைலுக்கு மேற்பட்ட பயணம் ஐந்து வேண்டும். அவற்றில் இரண்டு, இரவிலும் ஓடியவை. இரண்டில் அவரே தலைவர். முதலுதவி, ரேடியோ சர்டிபிகேட் வேறு!

கண்ணை மறைத்துப் பரீட்சை

பரீட்சை அதிகாரி படகிலேயே ஏறிக்கொள்வார். ஒருவருக்கு 8 முதல் 12 மணி நேரம் சோதனை! இருட்டிலும் நடக்கும்.

கேப்டனைக் கீழ் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. கடல் வரைபடமும் ஆழம் காட்டும் கருவியும்தான் துணை. "வலப்பக்கம் திருப்பு", "நேரே போ" என்று உள்ளிருந்தே சொல்லி, படகைக் குறித்த இடத்தில் சேர்க்க வேண்டும். மூடுபனியில் அப்படித்தானே போக வேண்டியிருக்கும்!

"ஆள் கடலில் விழுந்துவிட்டான்!" என்று திடீரென்று குரல் எழும். விழுந்தது ஒரு மிதவைதான். ஆனாலும் படகைத் திருப்பி அதை எடுத்தாக வேண்டும்.

சம்பளத்துக்கு ஓட்டுவதற்கு உடல் தகுதிச் சான்றும் உயிர் காக்கும் பயிற்சியும் தேவை. நீச்சல் குளத்தில் கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் தெப்பத்தை நிமிர்த்தி ஏறப் பழக்குவார்கள். மகா சமுத்திரத்துக்குத் தனிச் சர்டிபிகேட் உண்டு. அதற்கு 600 மைல் ஒரே பயணம் போய், சூரியனைச் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்த கணக்கைக் காட்ட வேண்டும்.

சம்பளம் இல்லாத மாலுமிகள்

உடன் செல்லும் மாலுமிகளில் சிலருக்குக் கூலியே கிடையாது. சாப்பாடு மட்டும்தான். இவர்கள் வருவது மைலுக்காக! நாளைக்கு இவர்களும் கேப்டன் ஆக வேண்டுமே! அந்த ஆசையில் எந்தப் படகிலும் தாவி ஏறிவிடுவது ஆபத்து. கேப்டனின் சர்டிபிகேட் என்ன, உயிர்காப்புத் தெப்பம் இருக்கிறதா, இரவில் யார் யார் எப்போது காவல் என்று விவரம் தெரிந்தவன் கேட்டுக்கொள்வான்.

கரை சேர்ந்ததும் அவன் தன் பயணக் குறிப்புப் புத்தகத்தை நீட்டுவான். ஓடிய மைலைக் குறித்து, கேப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.